பெயர் வாசிப்பவள்

14.02.2012, செவ்வாய்

கிளினிக் நாள். எழுபத்தொன்பது பேர் வந்தார்கள். டொக்டர் யசோதினி கடைசி ஆளைப் பார்த்து முடிக்கும்போது மணி இரண்டு. முதிரையடிக்குளம் ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் இவ்வளவு ஒழுங்காக நடக்கிறதென்றால் அதற்குக் காரணம் நாகபூசணி என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். எனக்கென்ன வெட்கம்?

சண்டை முடிந்து, முகாமிலிருந்து சனம் திரும்பி வந்த வருடம் என்னை உதவியாளராக எடுத்தார்கள். அப்போது இது ஒரு சந்தை. தள்ளுமுள்ளு, அழுகை, ஒருவருடைய குளிசையை இன்னொருவர் கொண்டுபோகிற கூத்து. நான்தான் கோப்புகளை அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் வாசிக்கிற முறையைக் கொண்டுவந்தேன். தகப்பன் பெயர், பிறகு சொந்தப் பெயர். விறாந்தைப் படியில் நின்று வாசித்தால் வாசல் படலையில் நிற்கிறவனுக்கும் கேட்கும். எனக்கு மைக் தேவையில்லை. "பூசணியக்கா வாசிச்சால் வவுனியாவில இருக்கிறவனும் எழும்பி வந்திடுவான்" என்று டொக்டருடைய சாரதி பகிடி பண்ணுவார். பண்ணட்டும்.

வராதவர்கள் ஒன்பது பேர். அதில் ஒன்று புதுக் கோப்பு, முகாம் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றி அனுப்பியது: செல்லத்துரை இன்பரூபன், வயது முப்பத்துநான்கு, மாதம் ஒரு ஊசி. மூன்று தரம் வாசித்தேன். ஆள் இல்லை. சிவப்பு மையால் "வரவில்லை" என்று எழுதினேன்.

முடிந்தபிறகு கதிரைகளை அடுக்க ஒரு மனிதர் கை கொடுத்தார். நல்ல உயரம், வாயே திறக்காத ஆள். யாரையோ கூட்டிக்கொண்டு வந்தவராக இருக்கவேண்டும். இப்படி ஒருவர் துணைக்கு வந்தால் எந்த வருத்தமும் மாறும்.

15.02.2012

நெல் காயப்போட்டேன். மழை. கோதாரி விழுந்த மழை.

21.02.2012

இன்பரூபன் வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். எட்டுக் கட்டை தூரம், பாதி வழி மணல். தகரக் கூரை, மண் சுவர். அவர் விறகுக்குப் போயிருந்தார். மனைவி சாந்தரூபி கச்சான் கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறவள். இன்றைக்கு வேலை இல்லையாம். நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று என் சைக்கிள் மணியை அடித்து அடித்துக் காதைத் தின்றது.

கிளினிக்குக்கு ஏன் விடவில்லை என்று ஏசினேன். அவள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணாத குறை. "அக்கா, அண்டைக்கு விடியவே குளிச்சு, சேட் மாத்தி, சைக்கிளில வந்தவர். பின்னேரம்தான் திரும்பினவர். ஊசி போட்டாச்சோ எண்டு கேட்டன், பேசாமல் போய்ப் படுத்திட்டார்."

எனக்குத் தெரியாமல் அந்தப் படலையால் ஒரு காகம்கூட உள்ளே வராது என்று சொல்லிவிட்டு வந்தேன். பாவம், புருசன் ஏமாற்றுவது தெரியாத பிள்ளை. தூரத்தில் இருக்கிற மற்ற எட்டுப் பேருக்கும் மருத்துவிச்சி மூலம் சொல்லி அனுப்பினால், "வந்துதானே போறம்" என்று மறுமொழி வருகிறது. வாய் கூசாமல் பொய் சொல்கிறார்கள்.

வளவில் இரண்டு குழிகள் வெட்டியிருந்தன. பதுங்கு குழி அளவு. கிணறு வெட்டப் பார்த்தாராக்கும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கவில்லை. கோப்பில் அப்படி எழுதி வைத்தேன்.

04.03.2012

நித்திரை இல்லை. ஐம்பது தாண்டினால் நித்திரை குறையும். அதொரு வருத்தமில்லை.

13.03.2012, செவ்வாய்

எண்பத்தொரு பேர். செல்லத்துரை இன்பரூபன் மூன்று தரம். வரவில்லை. சிவப்பு மை.

கதிரை அடுக்குகிற மனிதர் இன்றைக்கும் வந்தார். வேப்பமரத்துக்குக் கீழே கிடக்கிற நீள மரவாங்கின் நுனியில் காலையிலிருந்து இருந்தார். தேத்தண்ணியும் ஒரு பணிசும் கொடுத்தேன். வாங்கும்போது பாதித் தேத்தண்ணி அவருடைய சாரத்தில் ஊற்றுப்பட்டது. ஆரோடு வந்தனீங்கள் என்று கேட்டேன். டொக்டருடைய அறைப்பக்கம் பார்த்தார். மனைவிக்காக்கும். நான் மேலே கேட்கவில்லை. எனக்கும் நாகரிகம் தெரியும்.

29.03.2012

காரியம் கெட்டுப்போயிற்று. இன்பரூபன் பக்கத்து வேலிக்குக் கீழாலும் ஒரு குழி வெட்டி, அயல்வீட்டுக் கன்றுக்குட்டி அதற்குள் விழுந்து கால் முறிந்துவிட்டது. அது மட்டுமென்றால் சமாளிக்கலாம். பிள்ளையைக் குழிக்குள் படுக்கவைத்து, "தலையைத் தூக்காத, தலையைத் தூக்காத" என்று கத்தினாராம். அது கத்திய கத்தலில் ஊரே கூடிவிட்டது.

கிராம அலுவலர், எங்கள் விதானையார் சற்குணராசா ஆஸ்பத்திரிக்கே வந்தார். கையில் மனு, கீழே பதினாறு கையெழுத்து. டொக்டர் சிபாரிசு எழுதினால் நீதிமன்றக் கட்டளை எடுத்து, ஆளைத் தெற்கில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்கிறார். ஒரு பகலும் ஒரு இரவும் பயணம். அங்கே போய் எதைச் சொல்வது, எந்த மொழியில் சொல்வது? கச்சான் பிடுங்குகிறவள் எந்தக் காசில் போய்ப் பார்ப்பாள்? போனவர் எப்போது வருவார் என்று யார் பொறுப்பு?

என் கோப்பிலிருந்து இதுவரை ஒருவரும் அங்கே போனதில்லை. ஒருவரும். விதானையாருக்கு அதைத்தான் சொன்னேன். "அக்கா, உங்கட பெருமைக்காக ஒரு பிள்ளையைக் குழிக்குள்ள விடேலுமோ?" என்று கேட்டார். அந்த மனிதர் கேட்டதில் பிழையில்லை, அதுதான் இன்னும் எரிந்தது.

10.04.2012, செவ்வாய்

வாசித்தேன். மூன்று தரம் அல்ல, ஐந்து தரம். தொண்டை கட்டிப்போயிற்று. வரவில்லை.

டொக்டர் கோப்பை மூடிவிட்டு, அடுத்த மாதமும் வரவில்லையென்றால் தான் கையெழுத்து வைக்கத்தான் வேண்டும் என்றார். பிள்ளை இருக்கிற வீடு. நாலு மாதம் ஊசியில்லாத ஆள். வீட்டுக்கு ஊசி கொண்டுபோகலாமே என்று கேட்டேன். இரண்டு தரம் போனோமே, ஆள் காட்டுக்குள் ஓடிவிடுகிறாரே என்றார். அதுவும் உண்மை. ஆஸ்பத்திரி வானின் சத்தம் கேட்டாலே ஆள் இல்லை.

கதிரைகள் அடுக்கியிருந்தன. வருடப்பிறப்புக்கென்று அந்த மனிதருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தேன். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

13.04.2012

வருடப்பிறப்பு. யாழ்ப்பாணத்தில் படிக்கிற சின்னவள் வந்திருக்கிறாள். மூத்தவனுக்குப் பிடித்த பயற்றம் பணியாரம் சுட்டேன். அவனுக்குரிய பங்கை எடுத்து வைத்தேன்.

நான் நித்திரையில் பெயர் வாசிக்கிறேன் என்கிறாள். வேலைப் பழக்கம் என்றேன். எந்தப் பெயர் என்று கேட்டேன். சின்னவள் பணியாரத்தைப் பிய்த்துக்கொண்டு இருந்தாள்.

08.05.2012, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை நடந்தபடியே எழுதவேண்டும்.

காலை வேலைக்குப் போகாமல் சாந்தரூபியே வந்துவிட்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படலையில் நின்றாள். நான் படியில் நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். "செல்லத்துரை இன்பரூபன்." மறுமொழி இல்லை. இரண்டாம் தரம் வாசித்தேன். சனத்துக்குள்ளால் அவள் என்னிடம் வந்தாள். "ஏன் அக்கா கத்திறியள்? அந்தா, உங்களுக்கு முன்னாலதானே இருக்கிறார்."

வேப்பமரம். வாங்கின் நுனி. கதிரை அடுக்குகிற மனிதர்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று மற்றவர்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். எட்டுக் கட்டை மணலில் சைக்கிள் உழக்கித் தேடின ஆளுக்கு நான் பணிசும் தேத்தண்ணியும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். விறுவிறென்று போய் அவருக்கு முன்னால் நின்று, ஏன் இவ்வளவு நாளும் எழும்பவில்லை என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

அவர் சுருங்கிவிட்டார். அந்த உயரமான மனிதர் முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டார். பக்கத்து வாங்கில் இருந்த ஒரு கிழவரும் அப்படியே குனிந்தார். அந்தக் கிழவரை நான் ஏசவேயில்லை.

பிறகு நான் நிலத்தில் இருந்தேன். வேப்பம் வேரில். கோப்பைப் பின்னால் வைத்தேன். டொக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார், கையைக் காட்டி நிறுத்தினேன்.

அவர் மெல்லச் சொன்னார்: "ஊசி வேணுமெண்டுதான் அக்கா வாறனான். அது போட்டால் சத்தங்கள் குறையும், எனக்குத் தெரியும். வந்து இருப்பன். உங்கட வாயில என்ர பேர் வரும். வந்தவுடன கால் எழும்பாது."

அவரே சொன்னார்.

"சண்டை முடிஞ்சு எங்களை இருத்தி வைச்ச அந்த மைதானத்தில இப்பிடித்தான் வாசிச்சவை. தேப்பன்ர பேர், பிறகு எங்கட பேர். தம்பியின்ர பேர் வந்திது, எழும்பிப் போனவன். என்ர பேரும் வந்திது. நான் எழும்பேல்லை. குனிஞ்சுகொண்டு இருந்திட்டன். தம்பி திரும்பித் திரும்பி என்னைப் பாத்துக்கொண்டு போனான்."

சாந்தரூபி பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். இந்தக் கதையை அவளும் இன்றைக்குத்தான் கேட்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

என்னிடம் சொல்ல ஒரு நல்ல வார்த்தை இருந்திருக்கவேண்டும். வேலைக்கு எடுத்தபோது தந்த இரண்டு கிழமைப் பயிற்சியில் எத்தனையோ படிப்பித்தார்கள். வாயில் வேறொன்று வந்தது.

"என்ர மூத்தவனும் எழும்பேல்லைத் தம்பி. அவன் என்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவன். நான்தான் கையை விடுவிச்சு எழுப்பி விட்டனான். பேர் வாசிச்சால் போகவேணும் ராசா, பதிஞ்சுபோட்டு விட்டிடுவினம், அம்மா இஞ்சயே நிக்கிறன் எண்டு சொன்னனான்."

இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சின்னவளிடம்கூட அவன் தானாகப் போனான் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். "விடுவினம் எண்டுதானே அக்கா எல்லாரும் நினைச்சனாங்கள்" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த மனிதர், எனக்கு.

டொக்டரே மரத்தடிக்கு வந்தார். சிஸ்டர் ஊசியைக் கொண்டுவந்தார். சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டி அங்கேயே போட்டோம். விதானையாரின் மனுவில் டொக்டர் கையெழுத்து வைக்கவில்லை. மூன்று மாதம் பார்க்கலாம் என்று எழுதி அனுப்பினார். மிச்சப் பெயர்களை நான் வாசிக்கவில்லை. கோப்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் நடந்தேன். முடிய நாலு மணி.

இரண்டு வருடம். மாதம் மாதம் படியில் ஏறி நின்று, குரல் நல்ல குரல் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசித்தேன்.

18.05.2012

சண்டை முடிந்த நாள். அயலில் உள்ளறைகளில் செத்தவர்களுக்கு விளக்கு ஏற்றினார்கள். நான் ஏற்றவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்கு விளக்கு?

22.05.2012

இன்பரூபன் ஒரு குழியை மூடிவிட்டாராம். மற்றதில் வாழைக்குட்டி வைத்திருக்கிறார். வேலிக்கடியில் இருந்ததை, அயல்வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்க, இவரே மூடினாராம். கன்றுக்குட்டியின் காலுக்குத் தடி வைத்துக் கட்டி, தினமும் புல்லும் போட்டுவிட்டு வருகிறாராம். பிள்ளை இன்னும் அவருக்குக் கிட்டப் போவதில்லை என்று சாந்தரூபி சொன்னாள். அதற்கு ஊசி இல்லை. பொறுக்கவேண்டும்.

12.06.2012, செவ்வாய்

புது முறை. இனிமேல் இந்தக் கிளினிக்கில் ஒருவருடைய பெயரையும் ஒருவரும் வாசிப்பதில்லை. வருகிறவர் மேசைக்கு வந்து தானே தன் பெயரைச் சொல்வார். சொல்லப் பிடிக்காவிட்டால் சும்மா வந்து இருக்கலாம், நான் முகத்தைப் பார்த்துக் கோப்பை எடுப்பேன். இலக்கத் துண்டு கொடுக்கலாமே என்று சிஸ்டர் கேட்டார். முகாமில் கழுத்தில் இலக்கம் தொங்கவிட்டு நின்றது காணாதோ என்றேன்.

காலை முழுக்கச் சந்தைதான். இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். ஒரு கிழவி தன் பெயரைச் சொல்லிவிட்டுத் தன் ஆறு பிள்ளைகளின் பெயரையும் சொல்லி, எல்லாவற்றையும் எழுதச் சொன்னா. எழுதினேன்.

வாங்குகளில் தனியே இருந்தவர்களிடம் போய் இருந்து கதைத்தேன். மெதுவான குரலில். எனக்கு அது பழக்கமில்லை, தொண்டை கரகரத்தது. சிவப்பு மைக்காரர் ஒன்பது பேரில் இன்பரூபனோடு சேர்த்து ஆறு பேர் மாதம் மாதம் வந்துதான் போயிருக்கிறார்கள். வந்து, நாள் முழுக்க இருந்து, தங்கள் பெயரைக் கேட்டுக் குனிந்து, எழும்பி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அன்றைக்குக் குனிந்த கிழவர் ஒரு வருடமாக. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று இதைச் சொல்லித் தப்ப முடியாது. பொய் சொல்கிறார்கள் என்று எழுதியவள் நான். மேலே இருக்கிறது. அழிக்கமாட்டேன், கிடக்கட்டும்.

ஆறு பேருக்கும் மருந்து தொடங்கியாயிற்று. இதை எந்தப் பெரிய ஆஸ்பத்திரி கண்டுபிடித்தது? வேப்பமரத்தடியில் நாங்கள் கண்டுபிடித்தோம்.

எல்லாம் முடிய டொக்டர் கதவைச் சாத்திவிட்டு என்னை இருத்தி, நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, கனவு வருமா என்று நெடுநேரம் கேட்டார். எனக்கும் ஒரு குளிசை தந்திருக்கிறார், இரவில் ஒன்று. சத்துக் குளிசைதான். என் பெயரில் ஒரு கோப்பும் திறந்தார். அலுவலகத்துக்குத் தேவையாக்கும்.

15.06.2012

மேலிடத்திலிருந்து கடிதம். பெயர் அழைக்கும் நடைமுறை ஏன் நிறுத்தப்பட்டது, விளக்கம் தருக. மூன்று பக்கத்தில் தந்தேன். நாலாம் பக்கம் எழுதிய பிறகு கிழித்தேன். அதில் கொஞ்சம் ஏச்சு இருந்தது.

20.06.2012

ஆறு மணித்தியாலம் நித்திரை. நல்ல சத்துக் குளிசை.

10.07.2012, செவ்வாய்

எண்பத்தாறு பேர். சத்தம் சந்தடியில்லை. இன்பரூபன் விடியவே வந்து கதிரைகளைப் போட்டு, புதிதாக வந்த ஒரு இளம்பெடியனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அவர்கள் கதைக்கவில்லை, சும்மா இருந்தார்கள். பிறகு மேசைக்கு வந்து, என் காதுக்கு மட்டும் கேட்கத் தன் பெயரைச் சொன்னார். ஊசி போட்டாயிற்று.

பதினொரு மணிக்கு விதானையார் வந்தார். மூன்று மாதம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஆனால் மேலே அறிக்கை அனுப்பவேண்டுமாம், ஆளை நேரில் பார்த்து எழுதவேண்டுமாம். நான் மருந்து அறைக்குள் நின்றேன். நான் வெளியே வருவதற்குள் அந்த மனிதர் படியில் ஏறி, நான் முந்தி ஏறி நின்ற அதே படியில், கடதாசியை விரித்து உரக்க வாசித்துவிட்டார்.

"செல்லத்துரை இன்பரூபன் ஆர்?"

வளவு செத்துப்போனது. வாங்குகளில் தலைகள் குனிந்தன. கிழவர் வாங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த இளம்பெடியன் எழும்பி ஓடத் தயாராக நின்றான். விதானையாரின் கடதாசியைப் பறிக்க ஓடவேண்டும் என்று மனம் சொல்கிறது, கால் வரவில்லை. இரண்டு மாதம் கட்டினதெல்லாம் ஒரு வாய்ச் சொல்லில் போகப்போகிறது என்று நினைத்தேன்.

இன்பரூபன் கதிரை ஒன்றைத் தூக்கியபடி நின்றார். அதைக் கீழே வைத்தார். முகம் சாம்பல். பிறகு வாங்குகளுக்கு நடுவால் படியை நோக்கி நடக்கத் தொடங்கினார். என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். சேட்டைப் பிடித்து நிறுத்தத்தான் கை உன்னியது. ஒரு தரம் கையை விடுவித்து அனுப்பியவள், இந்தத் தரம் பிடிக்கவேண்டும் என்று நெஞ்சு அடித்தது. பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்காமல் நின்றேன் என்று தெரியவில்லை.

படிக்குக் கீழே போய் நின்றார். குரல் எல்லோருக்கும் கேட்டது. "நான்தான் செல்லத்துரை இன்பரூபன். ஊசி போட்டிட்டன். குழியள் மூடியாச்சு. கண்டுக்குட்டி நடக்குது. வேறை என்ன பதியவேணும்?"

விதானையார் கடதாசியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது வளவின் அமைதியில் அவருக்கு விளங்கிவிட்டது. மனுவை இரண்டாக மடித்து டொக்டரிடம் கொடுத்தார். டொக்டர் அதன் மேல் "இங்கேயே சிகிச்சை தொடரும்" என்று எழுதி, எல்லோரும் பார்க்கக் கையெழுத்து வைத்தார்.

இன்பரூபன் திரும்பினார். வாங்குகளுக்கு நடுவால், போன வழியாலேயே. எண்பத்தைந்து பேரும் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்கள். என்னைத் தாண்டும்போது, "அக்கா, அழாதையுங்கோ, சனம் பாக்குது" என்றார்.

நான் ஏன் அழுகிறேன்? பெருமையில் அழுதேன். பெயர் வாசிக்க எழும்பிப் போன ஒரு பிள்ளை, என் கண்ணுக்கு முன்னால் திரும்பி வந்து கதிரையை எடுத்தான்.